திரை நடுவே ஒரு பச்சைப் பொத்தான்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, முழுக்க நலமில்லை. நீ கைபேசியை அணைத்துப் போட்டுவிட்டதால் தாளில் எழுதுகிறேன். கிடங்கில் பெட்டி அடுக்கப் போகிறாய் என்று உன் அறைத்தோழன் சொன்னான். முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே. சிரிக்காதே, கணினித் திரை வரைகிறவளுக்கு இதுவும் தெரியும்.

அம்மா உன் பேச்சையே எடுப்பதில்லை. ஆனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறாள்.

அலுவலகச் செய்திக்கு வருகிறேன். பத்துப் பேர் எழுதும் நிரலை ஒன்றுசேர்த்து, யாருடைய வேலையும் காணாமல் போகாமல் காக்கும் என்று நாமே பீற்றிக்கொள்கிற நம் கருவி இருக்கிறதே, அதைப் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. முதலில் பழையதைச் சோதிக்க வேண்டும் என்று நிரலாளர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பின்னால் நின்று பார்த்தேன். அவர்கள் திரையில் செய்வதெல்லாம் காணொளியாகப் பதிவாகும். 'மற்றவர்கள் உங்களுக்கு முன்பே மாற்றியிருக்கிறார்கள், அனுப்ப முடியாது' என்கிறது கருவி. அதன் கீழேயே பெரிதாக, பச்சையாக, 'கட்டாயமாக அனுப்பு'. அதை அழுத்தினால் மற்றவர்கள் எழுதியது அழிந்துபோகும். மற்றவர்களின் மாற்றங்களை முதலில் வாங்கிக்கொள்ளும் பொத்தானோ ஒரு மூலையில், சாம்பல் நிறத்தில். வந்தவர்களில் பாதிப்பேர் பச்சையைத்தான் அழுத்தினார்கள்.

அன்று நீ அழுத்தியதும் அதுதான். குழுவின் வேலையெல்லாம் அழிந்தது. ஒருவர் கணினியில் இருந்த நகலிலிருந்து மறுநாளே மீட்டும்விட்டார்கள். ஆனாலும் உனக்கு 'ரப்பர்' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள், நீ வேலையை விடும்வரை.

கடைசியாக வந்து உட்கார்ந்தவர் உன் குழுத்தலைவர். "படிச்சுப் பாத்துட்டுத்தான் அமுக்கினியா? கண்ணு தெரியலையா?" என்று எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டாரே, அதே மனிதர். படபடவென்று தட்டிக்கொண்டே போனவர் பச்சையை அழுத்தினார். சோதனைக்கு வைத்திருந்த நிரல் அத்தனையும் போயிற்று. "இத எவன் இங்க வச்சான்?" என்று என்னையே கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது தம்பி. மறுபக்கம் நெஞ்சு குளிர்ந்தும் போயிற்று.

பிறகு தனியாகக் கூப்பிட்டார். "என் பதிவ மட்டும் அழிச்சுடும்மா, புது வடிவமைப்புக்கு உடனே கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா இந்த வருஷம் நடக்காது" என்றார். அழித்துவிட்டால் அந்தப் பொத்தான் ஒழியும், இனி எந்தப் பிள்ளையும் அதில் மாட்டாது. உன்மேல் விழுந்த பழி மட்டும் அப்படியே கிடக்கும். மாதக் கடைசிக் கூட்டத்தில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினால் உன்னைப் பார்த்துச் சிரித்த வாயெல்லாம் மூடும். ஆனால் மனிதர் வஞ்சம் வைத்து எல்லாவற்றையும் கிடப்பில் போட்டுவிடுவார்.

எல்லோருக்கும் நியாயம் சொல்கிற எனக்கு இதில் ஒன்றும் ஓடவில்லை. அடிபட்டவன் நீ. காட்டு என்றால் காட்டுகிறேன், விடு என்றால் விடுகிறேன். இரண்டையும் சொல்லப் பிடிக்காவிட்டால், சாப்பிட்டேன் என்று ஒரு வரியாவது எழுது. அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

உன் வழியையே பார்த்திருக்கும்
அக்கா