நடு சீட்டு

ஆவணி 6, வெள்ளிக்கிழமை

முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஞாயிற்றுக்கிழமை வாடகை வண்டியில் போகிறோம். வண்டி பேசும் பொறுப்பு என்னுடையது. என் ஓரகத்தி சுமதி பிள்ளைகளோடு சிங்கப்பூரிலிருந்து வந்ததிலிருந்து மாமியாருக்கு அவள் பேச்சுதான். "வண்டில நான் சுமதி பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்று நேற்றே சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனவள் நான்.

அதனால்தான் காலையில் வண்டிக்காரர் "எத்தனை பேரும்மா?" என்று கேட்டபோது, மாமியாரையும் சேர்த்து நாலு பேர், சின்ன வண்டி போதும் என்றேன். சுமதி தனியாக வந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் விளக்கேற்றும்போது மனசு உறுத்தியது. சாமி காரியத்தில் பொய் சொல்லிவிட்டேனே. உடனே போன் செய்து பெரிய வண்டி கேட்டேன்.

"அதான் மதியமே மாத்தியாச்சேம்மா! சிங்கப்பூர் அம்மா பேசுனாங்க. நீங்க நாலு பேருன்னு சொன்னதைச் சொன்னேன். 'அக்கா மறந்திருப்பாங்க, நாங்க ஏழு பேரு'ன்னு சிரிச்சாங்க. புள்ளைங்களோட பின்னாடி உக்காந்துக்கிறாங்களாம். உங்களுக்குப் பின் சீட்டு ஒத்துக்காதாமே? மாமியாரோட நடு சீட்டுல உங்களை உக்கார வைக்கச் சொன்னாங்க."

நானா மறக்கிறவள்? அது அவளுக்கும் தெரியும்.

தாயே, அவள் பணத்தையும் பட்டுப்புடவையையும் பொறுத்துக்கொண்டேன். நல்ல மனசையும் அவளுக்கே கொடுத்திருக்க வேண்டுமா?