வெள்ளை ஈயும் மஞ்சள் மழைக்கோட்டும்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் நீ தொண்டை கிழியக் கத்துவதும், காது மந்தமான நான் "என்னது, என்னது" என்பதும் போதும். நமக்குக் கடிதம்தான் சரி.

நீ ஒப்படைத்துவிட்டுப் போன தக்காளிச் செடிகளுக்கு ஆபத்து. தொட்டால் போதும், இலைக்கு அடியிலிருந்து பொடிப்பொடியாக வெள்ளைப் பூச்சிகள் குபீரென்று கிளம்புகின்றன. நான் சும்மா இருப்பேனா? துணி துவைக்கிற பவுடரைத் தாராளமாகக் கரைத்து, உச்சி வெயிலில் செடிகளைக் குளிப்பாட்டினேன். பூச்சிகள் சௌக்கியமாக இருக்கின்றன, இலைகள்தான் கருகிவிட்டன. பக்கத்து வீட்டு நர்ஸம்மா எட்டிப் பார்த்து, "பஸ்ஸைக் கழுவற மாதிரி கழுவிட்டீங்களா சார்?" என்கிறாள். காலமெல்லாம் பஸ் ஓட்டியவனுக்கு வேறென்ன தெரியும்?

என் பிள்ளை கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் நான் பார்த்துக்கொள்ள இருப்பது நீ வைத்த அந்தத் தொட்டிகள்தான். சீக்கிரம் வழி சொல்.

உன் மாமா

மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

ஆஸ்பத்திரியில் வேலைக்கு நடுவே சாப்பிட்டுக்கொண்டே உங்கள் கடிதத்தைப் படித்துப் புரையேறிவிட்டது. அவை வெள்ளை ஈக்கள். இனி அந்தப் பவுடரைத் தொடவே கூடாது, சொல்லிவிட்டேன். முதலில் இலைகளின் அடிப்பக்கத்தில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குச் சில சொட்டு சோப்பும் விட்டுத் தெளியுங்கள். அந்த ஈக்களுக்கு மஞ்சள் நிறம் என்றால் உயிர். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் பூசிக் கட்டினால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கட்டும் விதத்துக்குப் படம் வைத்திருக்கிறேன்.

அவர் போன பிறகு, "நீ ஏம்மா இங்க கெடந்து வாடணும்? போய் வேலையில சேரு" என்று என்னைப் பிடிவாதமாக இங்கே அனுப்பினீர்கள். அதனால்தான் இன்று நிமிர்ந்து நடக்கிறேன். நேரில் நன்றி சொன்னால் திட்டுவீர்கள். எழுதிவிட்டேன், இனி ஒன்றும் செய்ய முடியாது!

உங்கள் மருமகள்

மார்ச் 20

அன்புள்ள மருமகளுக்கு,

மஞ்சள் அட்டை தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியதில் முழங்கால்தான் வீங்கியது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால், பின்னால் அவனுடைய மஞ்சள் மழைக்கோட்டு. இத்தனை வருஷமாக நீயும் அதைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். முதல் வெட்டு விழுந்ததும் தரையில் உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? பிறகு துண்டு துண்டாக வெட்டி, எண்ணெய் பூசி, செடிக்குச் செடி கட்டினேன். மறுநாள் பார்த்தால் ரவை தூவினாற்போல் ஈக்கள்! அவன் இருந்திருந்தால், "பிரமாதம்ப்பா" என்றிருப்பான்.

உன்னைக் கேட்காமல் வெட்டியதற்குக் கோபப்படாதே. ஆமாம், அந்தப் படம் யார் போட்டது? நீ நேர்கோடு போட்டாலே பாம்பு மாதிரி நெளியுமே.

உன் மாமா

மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

கோபமில்லை. மழைக்கோட்டைப் பற்றிப் படித்து அழுதேன். அழுது முடித்ததும் ஒரு தைரியம் வந்தது, அதனால் சொல்கிறேன்.

படம் போட்டவர் இங்கே எக்ஸ்ரே எடுப்பவர். நிதானமான மனிதர், அவரும் தக்காளி வளர்க்கிறார். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறேன். உங்கள் பிள்ளையை நான் மறந்துவிட்டதாக நினைப்பீர்களோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம், நான் சரி என்றால் இந்த வீட்டுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்றாகிவிடுமோ என்பது. பெற்றவர்கள் இல்லாத எனக்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 6

அம்மாடி,

"வேண்டாம் என்றால் வேண்டாம்" என்று இன்னொரு தரம் எழுதினாயானால் பஸ் ஏறி வந்து காதைத் திருகுவேன்.

படித்ததும் என் பிள்ளை இருந்த இடத்தில் இன்னொருவரா என்று நினைத்தது உண்மை. அப்புறம் யோசித்தேன். அவன் போன நாட்களில், உன் துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, சோறு வேண்டாம் என்று படுத்தவனை எழுப்பி உட்காரவைத்து ஊட்டியவள் நீ. நான் இன்று கடிதம் எழுத உயிரோடு இருக்கிறேன் என்றால் அது உன்னால். இதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நன்றி அம்மா.

ஈக்கள் அடங்கிவிட்டன. முதல் பழங்களை நர்ஸம்மா வீட்டுக்கும் கொடுத்தேன், இப்போது விதை கேட்கிறாள்.

எக்ஸ்ரேக்காரரிடம் உடனே சம்மதம் சொல். தேதி குறித்ததும் எழுது, நான் முன்னாடியே வந்துவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வரவேற்கப் பெண் வீட்டில் ஒரு பெரிய மனுஷன் வேண்டுமே. அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா