பசிக்காரியின் நடை

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் இயக்குநர் ஒரு திருடர். என் அம்மாவின் நடையைத் திருடி ஒரு பிள்ளைதின்னிக்குக் கொடுத்திருக்கிறார்.

இன்று காலை எங்கள் பொம்மைப் படம் முழுவதையும் சேர்த்து முதல்முறையாகப் போட்டுக் காட்டினார்கள். படிக்கட்டுக்கு அடியிலிருந்து பசிக்காரி வெளியே வருகிறாள். முழங்கை உயரப் பொம்மை, திரையில் சுவர் உயரத்துக்கு நிற்கிறாள். இடது காலை இழுத்து, இடுப்பைச் சாய்த்து, தொப்பென்று ஊன்றி, கொஞ்சம் நின்று, மறுபடி. பதினொரு விநாடி. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை போர்வைக்குள் ஒளிந்திருக்கிறது. அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. தினமும் மாலை ஆறேகாலுக்கு அம்மா எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி வருகிற சத்தம் அது.

22ஆம் தேதி, வேலை செய்தவர்களின் வீட்டாருக்குப் படம் காட்டுகிறார்கள். அம்மா இப்போதே லீவு சொல்லிவிட்டாள். பத்தொன்பது வருட ஓட்டல் வேலையில் அவள் லீவு கேட்டது மூன்று முறையோ நான்கு முறையோ.

மார்ச் 5, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். பாதி பொய்.

அந்தப் பதினொரு விநாடியை அசைத்தது யார்? நான். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு அசைவு. பொம்மையை மயிரிழை நகர்த்தி, விலகி நின்று, படம் எடுத்து, மறுபடி கிட்டே போய் நகர்த்தி. நூற்றுமுப்பத்திரண்டு முறை. ஆறு நாள். என் சட்டையின் நிறம் பொம்மை முகத்தில் அடிக்கக் கூடாது என்று ஆறு நாளும் கறுப்புச் சட்டை. ஊன்றுகிற பாதத்தை மேடைக்கு அடியிலிருந்து திருகாணி போட்டு இறுக்கினால்தான் பொம்மை விழாமல் நிற்கும். அதற்காகக் குனிந்து குனிந்து என் கழுத்தே போய்விட்டது.

பொம்மையின் இடது முழங்கால் மூட்டு தளர்ந்திருந்தது. கம்பி அக்காவிடம் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் இறுக்கித் தந்திருப்பாள். பொம்மைக்குள் இருக்கும் கம்பி எலும்புக்கூடு முழுக்க அவள் கைவேலை, அதனால்தான் அந்தப் பெயர். நான் கொடுக்கவில்லை. சோம்பல். தளர்ந்த காலுக்குத் தோதாக நடக்கவிட்டேன். கைக்குத் தெரிந்த நடையாக வந்தது.

இயக்குநர் பார்த்துவிட்டு, "இதத்தாம்மா தேடிட்டிருந்தேன்," என்றார். நான் சிரித்தேன். பெருமையாக இருந்தது. இதையும் எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு?

மார்ச் 7, வெள்ளி

பத்திரிகையில் அவர் பேட்டி. தலைப்பே "என் இருட்டு".

சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அலமாரியில் பார்த்த மரப்பொம்மைகளாம். மருத்துவப் புத்தகத்தில் தோல் உரித்த மனிதர்களின் படங்களாம். துருப்பிடித்த சாவிப் பொம்மைகளாம். அந்த நடை? "உடைந்த பொம்மை ஒன்று கனவில் அப்படித்தான் வந்தது."

வேலை தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். அவரிடம்தான் கற்றேன். முகத்துக்குக் கீழேயிருந்து ஒரே ஒரு விளக்கு. களிமண்ணில் பதிந்த கைரேகையை அழிக்கக் கூடாது. ஃபிரேமுக்கு ஃபிரேம் ரேகை மாறும்போது தோல் புழுப்போல நெளியும். தூசியைத் துடைக்கக் கூடாது. பொம்மை இமைக்கக் கூடாது. எல்லாம் சரி.

ஆனால் பயமுறுத்த வேண்டியவளுக்கு மட்டும் ஏன் வெடித்த உள்ளங்கை? ஏன் தேய்ந்த செருப்பு? ஏன் நொண்டல்? அவர் வீட்டில் மாடிக்குப் போக லிப்ட் இருக்கிறது. அந்த வீட்டுப் பொம்மைகள் எப்படி நடக்குமாம்?

அம்மா ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு தேய்க்கிறாள். நீராவி இயந்திரம், காலில் மிதிக்கிற பெடல். ஒரு மிதி, ஒரு விரிப்பு. பள்ளி விடுமுறையில் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய் அந்த வெக்கையில் நின்றிருக்கிறேன். அந்தப் பெடல் அவள் இடுப்பைத் தின்றது. அது இவருக்குக் கனவில் வந்ததாம்.

மார்ச் 10, திங்கள்

போய்க் கேட்டேன். காட்சியை மாற்ற வேண்டும் என்றேன். ஏன் என்றார்.

"நொண்டிக் கெழவின்னாலே கெட்டவளா சார்?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். தேநீரைக் கலக்கிக்கொண்டே, படிக்கட்டு செட்டை வெள்ளிக்கிழமை பிரிக்கிறார்கள் என்றும், அதற்குள் நான் வேறு நடை எடுத்துக் காட்டலாம் என்றும் சொன்னார்.

"இதவிடப் பயமா ஒண்ணு கொண்டு வா. மாத்திடறேன். என் வாக்கு."

அது என் அம்மா நடை சார் என்று ஒரு வரி. வாய் வரைக்கும் வந்தது. ஏன் சொல்லவில்லை? அம்மாவுக்காகவா? இல்லை, எனக்கு வெட்கம். என்னத்துக்கு வெட்கம்?

மார்ச் 11, செவ்வாய்

கம்பி அக்கா மூட்டை இறுக்கித் தந்தாள். நேரான, மெதுவான நடை. இரண்டு விநாடி எடுத்துப் போட்டுப் பார்த்தோம்.

"கரண்ட் பில் கட்ட வர்றா மாதிரி இருக்குடி," என்றாள் அக்கா.

அழித்தேன்.

மார்ச் 12, புதன்

தவழவிட்டேன். பூச்சி மாதிரி இருந்தது. பூச்சிக்குப் பயப்படலாம், அருவருக்கலாம். ஆனால் இது யாரும் இல்லை. இந்தத் தவழலுக்குப் பின்னால் ஒரு ஆள் இல்லை.

இயக்குநர் கதவோரம் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

காலையில் அம்மா சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டாள், படத்தில் என் பெயர் வருமா, எந்த வேலைக்குக் கீழே போடுவார்கள் என்று. பொம்மையை நடக்கவைப்பது என்றேன்.

"நடக்கவைக்கச் சம்பளமா? நான் சும்மாவே நடக்கறேன், ஒருத்தனும் தரமாட்டேங்கறான்."

அவளே சிரித்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

செட்டைப் பிரிக்க ஆட்கள் மதியம் மூன்றுக்கு வருவதாக இருந்தது. காலை ஏழிலிருந்து நின்றேன். இந்த முறை விறைப்பாக, முழங்கால் மடங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வரட்டும் என்று நினைத்தேன். நாற்பதாவது அசைவு வரை நன்றாக வந்தது. இதுதான், இதுதான் என்று மனசு அடித்துக்கொண்டது. சாப்பிடப் போகவில்லை.

இரண்டரைக்கு ஓட்டிப் பார்த்தேன். ஐம்பதாவது அசைவிலிருந்து இடுப்பு சாய்கிறது. அறுபதில் இழுக்கிறாள். இறுக்கிய மூட்டு, மடங்காத முழங்கால், ஆனாலும் இழுக்கிறாள். நான்தான் இழுத்திருக்கிறேன். சத்தியமாகத் தெரியவில்லை எப்போது என்று. ச்சே. பயம் என்றால் என் கைக்கு அந்த ஒரே நடைதானா? அப்படியானால் மாலை ஆறேகாலுக்கு நான் பயந்துகொண்டா இருந்தேன், இத்தனை வருடமும்?

மூன்று மணிக்கு ஆட்கள் வந்தார்கள். படிக்கட்டை நான்கு துண்டாகக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

மார்ச் 20, வியாழன்

அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வராதா என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன்.

மார்ச் 22, சனி

போனோம். புதுச் செருப்பு வாங்கியிருந்தாள். மூன்றாவது வரிசை. அந்தக் காட்சி வந்ததும் முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அரங்கம் முழுக்கப் பயந்துபோய்ச் சிரித்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, கடைசி வரை பார்த்தாள். என் பெயர் வந்தபோது கைதட்டினாள்.

வெளியே வராந்தாவின் அந்தக் கோடியில் இயக்குநர் நின்றிருந்தார். அம்மா நேராக அவரை நோக்கி நடந்தாள். இருபது அடி இருக்கும். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதி வழியில் அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா," என்றார்.

"வேணாம் சார், நின்னே பழக்கம். நல்லா பயமா இருந்துச்சு."

அதோடு திரும்பிவிட்டாள். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அவர் நின்றார்.

பேருந்து நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், அது நான்தானே என்று. ஆமாம் என்றேன். மன்னிப்பு, விளக்கம், அந்தப் பேட்டி, லிப்ட் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

"நடை தப்பு," என்றாள். "வலிக்கற கால யாராச்சும் அப்படித் தொப்புனு வெப்பாங்களா?"

அதற்குள் அடுத்த கேள்வி.

"சரி, எனக்கு எந்தக் கால்?"

இடது என்று நாக்கில் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். இடது, பொம்மையின் கால். மூட்டு தளர்ந்த கால். அம்மாவுக்கு? மாடிப்படிச் சத்தம் தெரியும். நேரம் தெரியும். சற்று முன்பு இருபது அடி நடந்தாள், அப்போதும் நான் இயக்குநர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெடல எந்தக் கால்ல மிதிக்கறேன்? பக்கத்துல நின்னு பாத்தவதானே நீ?"

பேருந்து வரவில்லை. அம்மா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. ஓரடி வைத்தாலும் நான் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். புதுச் செருப்பு இரண்டும் ஒட்டி, நேராக இருந்தன.

"சொல்லுடி," என்றாள்.