மாம்பூவும் ஒரு மாற்றுக் கைலியும்

மாப்ளே,

இன்றைக்குக் காலையில் பட்டு உன் கைலியின் மேல் படுத்துக்கொண்டு ஏழெட்டுத் தடவை தும்மியது. என்ன கேடு வந்தது இந்த நாய்க்கு என்று போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டு மாமரம் பூத்திருக்கிறது. சுவரைத் தாண்டி நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையிலிருந்து பொடிப்பொடியாகப் பூ கொட்டி, கைலியின் நீலக் கட்டமே தெரியவில்லை. எடுத்து உதறினேன். மூக்கை லேசாக அரிக்கிற அந்த இனிப்பு வாசனை வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தை கடைசி. செல்வி இறந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை. கூத்தாநல்லூருக்கு உனக்கு போன் போட்டேன். சனி ஞாயிறு கொள்ளிடக் கரையில் என் சித்தப்பா மகன் தோப்புக்குப் போய் மாம்பூ பார்த்துவிட்டு வரலாம், பட்டுவையும் கூட்டிக்கொள்ளலாம், பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டான், நீ உன் கடை வேனை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் வந்துவிடு என்றேன். நீ, "பூவா? நீயா?" என்று கேட்டாய். கேட்க மாட்டாயா பின்னே. வெள்ளிக்கிழமை விளக்குக்கு ஒரு முழம் பூ வாங்கி வரச் சொன்னாலே மறந்துபோய், வெறுங்கையோடு வந்து, கட்டின நாள் முதல் செல்வியிடம் திட்டு வாங்கினவன் நான்.

நான் பூ பார்க்கக் கூப்பிடவில்லை. பட்டுவை அந்தத் தோப்பில் விட்டுவிட்டு வரத்தான் கூப்பிட்டேன்.

மகன் சென்னைக்கு வரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். அவன் குடியிருப்பில் நாய்க்கு இடமில்லை. ஊரில் யார் கேட்டாலும் இந்தக் காரணத்தைத்தான் சொல்லியிருப்பேன். அது பாதிதான். மீதி என்னவென்றால், செல்வி பள்ளிக்கூடத்தில் வேலை முடிந்து ஐந்தேகால் பஸ்ஸில் வந்து இறங்குவாள் இல்லையா, அந்த நேரத்துக்குச் சரியாகப் பட்டு கேட்டருகே போய் உட்கார்ந்துவிடும். தெருவில் எந்தப் பெண் நடந்து வந்தாலும் வால் ஆடும். ஆள் கிட்டே வந்ததும் ஆட்டம் நிற்கும். தினமும் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஒருநாள் செருப்பை எடுத்து அதன் மேல் வீசினேன். அது நகரவில்லை. அன்றைக்கு முடிவு பண்ணினேன், ஒன்று இது இருக்க வேண்டும் இல்லை நான் இருக்க வேண்டும் என்று.

உனக்கும் பட்டுவுக்கும் இருந்த உறவே தனி. ஐந்து வேளை தொழுகிற ஆள் நீ. நாயின் ஈரம் மேலே பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. அதனால் நம் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்தே பிஸ்கட்டை எறிவாய். பிடிக்காமல் இல்லை. "நீ நல்ல புள்ளதான், அங்கேயே நில்லு" என்று அதனிடம் மரியாதையாகப் பேசுவாய். செல்வி சிரித்து உருளுவாள். அந்தக் கழுதைக்கோ, தூக்கிக் கொஞ்சுகிற எங்களைவிடத் தொடாத உன்னைத்தான் அதிகம் பிடித்தது.

சனிக்கிழமை காலையில் வேனில் வந்தாய். சம்பா அறுவடை முடிந்து ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஏற்றாமல் ஓரம் ஓரமாக ஓட்டினாய். தோப்புக்குள் நுழைந்ததும் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தாய். இலை தெரியாமல் பூ. மரம் முழுக்க ஈ மொய்க்கிற இரைச்சல். பட்டு ஒவ்வொரு மரத்தடியாகப் போய் மோந்து மோந்து தும்மியது. செல்வி போன பிறகு அது அப்படி ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். வளைகுடாவில் பதினெட்டு வருஷம் வெறும் மணலைப் பார்த்தே கண் பூத்துப்போனது, இங்கே இப்படி ஒன்று இருக்கும்போது யாரும் வந்து பார்க்கவில்லையே என்று காவலுக்கு இருந்த முருகையனிடம் அங்கலாய்த்தாய். நான் உன்னையும் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. பட்டுவின் சாப்பாட்டுத் தட்டை என் பைக்குள் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். எப்போது அதை வெளியே எடுப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நீ தோப்புக்குள் நடக்கப் போன சமயம் பார்த்து, பட்டுவை மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டினேன். தட்டை முருகையன் கையில் கொடுத்தேன். நீ திரும்பி வந்தாய். தட்டைப் பார்த்தாய், கயிற்றைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். கொஞ்ச நாள் காற்று மாறட்டும் என்று உளறினேன். நீ, "கெளம்பலாமா?" என்று மட்டும் கேட்டாய். எனக்கு உன் மேல் வந்த கோபம் இருக்கிறதே! ஏன்டா இப்படிப் பண்ணுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உன்னோடு சண்டை போட்டு என் நெஞ்சை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்குக்கூட நீ இடம் கொடுக்கவில்லை.

வாய்க்கால் மதகுவரை வந்திருப்போம். பின்னால் குரைப்புச் சத்தம். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, கழுத்தில் பாதிக் கயிறு தொங்க, வயல் குறுக்கே ஓடி வந்தது. வேனைப் பிடிக்க வாய்க்காலைத் தாண்டப் பார்த்து உள்ளே விழுந்தது. தண்ணீர் நின்று சேறாகிக் கிடந்த வாய்க்கால். எழ எழ அமிழ்ந்தது. நான் கதவைத் திறக்கக் கை வராமல் இருந்தேன். அதற்குள் நீ இடுப்பளவு சேற்றில் நின்றாய். அதை இரண்டு கையாலும் வாரி மாரோடு அணைத்துத் தூக்கினாய். அது உன் கன்னம், தாடி, கண் எல்லாவற்றையும் நக்கித் தீர்த்தது. நீ முகத்தைத் திருப்பவே இல்லை.

தோப்புக்கே திரும்பி, மோட்டார் தொட்டியில் முதலில் பட்டுவைக் குளிப்பாட்டினாய். பிறகு நீ உட்கார்ந்தாய், நான் வாளியால் மொண்டு ஊற்றினேன். முதல் தடவைக்குத் தோப்பு மண்ணை அள்ளி மேலெல்லாம் தேய்த்துக்கொண்டாய். எண்ணிக்கொண்டே ஊற்று என்றாய். நான்குவரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணிக்கை தவறி, அழுதுகொண்டே ஊற்றினேன். செல்வியைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

"அஞ்சா ஆறா?" என்றாய்.

"தெரியல."

"சரி, மொதல்லேருந்து ஊத்து. தண்ணிக்கு என்ன பஞ்சமா?"

குளித்து முடித்ததும் வேனிலிருந்து ஒரு பையை எடுத்தாய். உள்ளே மாற்றுக் கைலி, சட்டை, துண்டு. ராத்தங்க வந்த ஆள், துணி வைத்திருக்கிறான் என்று அப்போது நினைத்தேன். மாமரத்தடியில் பாயை விரித்து மதிய லுஹர் தொழுதாய். பட்டு தள்ளி உட்கார்ந்து, நீ குனிவதையும் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தது. தொழுது முடித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"அது கேட்டுல காத்துக்கிட்டு கெடக்குன்னு உனக்குக் கோவம். நீ ஜன்னல்ல என்னடா பண்ற?"

அவ்வளவுதான் நீ சொன்னது. ஈரக் கைலியைப் பிழிந்து பின் சீட்டில் விரித்தாய். இது இனிமேல் பட்டுவுக்கே இருக்கட்டும் என்றாய். மூன்று பேரும் தஞ்சாவூர் திரும்பினோம். நான் சென்னைக்குப் போகவில்லை. மகன் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினான்.

நீ எனக்கு வண்டி ஓட்ட வந்தாய், வந்த இடத்தில் பட்டு விழுந்தது, தூக்கினாய். இவ்வளவு நாளாக இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போட்டிருந்த திட்டம் உனக்கு அந்தத் தட்டைப் பார்த்த பிறகுதான் தெரியும் என்று. உன்னை ஏமாற்றிக் கூட்டிப்போனதற்கு ஒருநாள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். வைத்தே இருந்துவிட்டேன்.

போன மாதம் கூத்தாநல்லூர் போனேன். புருஷனை இழந்த தங்கச்சி நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருந்தது, அது முடிகிறவரை பார்க்க முடியாதே, அதனால் தள்ளிப்போயிற்று. உன் மகன்தான் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தான். தங்கச்சி வாசல்நிலைக்கு அந்தப் பக்கம் நின்று நலம் விசாரித்துவிட்டு, நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டது. வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்றேன்.

"அண்ணே, அன்னைக்குத் தோப்புக்குப் பொறப்படறப்பவே சொல்லிட்டுத்தான் போனாங்க. கொல்லையில வெறகுக் கொட்டாய ஒழிச்சு வையி, நாயோட வந்தாலும் வருவேன்னாங்க. நம்ம வீட்டுல நாயான்னு நான் சண்ட போட்டேன். ‘அவன் அத விட்டுட்டு வரப் போறான். அவன வீட்டுல எறக்கிட்டு, நான் திரும்பிப் போயி தூக்கிட்டு வந்துருவேன். ஒரு மாசத்துல தேடி அழுவான். அப்ப குடுக்கறதுக்கு நம்மட்ட இருக்கணும்ல’ன்னாங்க."

எழுந்து வந்துவிட்டேன். சொல்லிக்கொண்டுகூட வரவில்லை என்று நினைக்கிறேன். தங்கச்சி தப்பாக எடுத்துக்கொள்ளாது.

ஆக, அந்தப் பை ராத்தங்க எடுத்து வந்த பை இல்லை. என் நாயைத் தூக்கப் போகிறோம் என்று தெரிந்தே மாற்றுத்துணி கொண்டுவந்திருக்கிறாய். உன்னை நான் ஏமாற்றவே இல்லை. ஏமாந்தவன் மாதிரி இரண்டு நாள் என்னோடு பூ பார்த்திருக்கிறாய். படுபாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

வருகிற சனிக்கிழமை பட்டுவோடு பூ பார்க்கத் தோப்புக்குப் போகிறேன். பட்டுவால் இப்போது வண்டியில் ஏற முடியாது, நான்தான் தூக்கி வைக்க வேண்டும். பையில் அதன் தட்டை இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன். பக்கத்தில் எனக்கு ஒரு மாற்றுக் கைலி.

சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் பட்டு இன்னமும் கேட்டுக்குப் போகிறது. ஜன்னலை விட்டு நானும் போய் அதன் பக்கத்தில் படியில் உட்காருகிறேன். பஸ் வந்து போகும். அதன் வால் ஆடி நிற்கும். அப்புறம் தெருமுனையில் ஏதாவது ஒரு பழைய வேன் திரும்புகிற சத்தம் கேட்டால், இரண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்குகிறோம்.