வாய்ப்புண்ணுக்கு நீ அனுப்பிய வைத்தியம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் நலத்தைத்தான் தினமும் படம் பிடித்து அனுப்புகிறாயே, அதனால் விசாரிக்கவில்லை. வாயைத் திறந்து பேச முடியாததால் கடிதம். கழுத்துக் கட்டிக்குக் கதிர்வீச்சு இருபது நாள் முடிந்தது, இன்னும் பதின்மூன்று பாக்கி. நாக்கும் உள்கன்னமும் வெந்து புண்ணாகிக் கிடக்கின்றன. எச்சிலை விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வருகிறது.

உன் பார்சல் வந்து சேர்ந்தது. எலுமிச்சைச் சாறு காலையில் ஒரு மூடி, மாலையில் ஒரு மூடி, புண் பறந்துவிடும் என்று உன் வீட்டுக்காரர் கைப்பட எழுதியிருந்தார். தோலுரிந்த இடத்தில் புளிப்பை ஊற்றச் சொன்ன அந்த மகானுபாவரை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். ஒரு வாய்தான் குடித்தேன். அரைமணி நேரம் துணி வெட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிச்சத்தைக் கழிவறையில் ஊற்றினேன். அங்கே நன்றாகத்தான் வேலை செய்தது.

பார்சலில் கூட இருந்த மூலிகைப் பொடியை ஆஸ்பத்திரி உணவு ஆலோசகியிடம் காட்டினேன். சின்னப் பெண்தான். உன் வயதில் பாதி, அறிவு இரண்டு மடங்கு. சிலருக்குப் பலன் தரலாம், சிலருக்குத் தராது, டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்றாள். உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்க வேண்டுமாம். மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தடவிக்கொண்டு, முட்டை, பால், வாழைப்பழம் என்று மசித்து, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாலு கரண்டியாவது உள்ளே போக வேண்டுமாம். காரம், புளிப்பு, சூடு எதுவும் ஆகாது.

உன் அத்தான் மசித்துத்தான் தருகிறார். ருசிக்காக என்று அதில் மிளகுத்தூளையும் தூவித் தருகிறார். இந்த மனிதருக்கு முப்பது வருடம் சட்டை தைத்துப் போட்டிருக்கிறேன் பார்.

சரி, என் புத்திசாலித்தனத்தையும் கேள். திங்கள்தோறும் எடை பார்ப்பார்கள். ஆறு கிலோ போயிருந்தது. இன்னும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் என்றார்கள். நான் தையல்காரி ஆயிற்றே. பாவாடைக்கு உள்பை தைத்து, பெரிய கத்திரிக்கோலையும் துணி நகராமல் வைக்கிற இரும்புக் கட்டிகளையும் அதில் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு திங்கள் எடை ஏறியது. அந்தப் பெண் கைதட்டினாள். அவளையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

நேற்று மாட்டிக்கொண்டேன். கதிர்வீச்சின்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அளவெடுத்து ஒரு முகமூடி செய்திருக்கிறார்கள். அதை மாட்டினால் கன்னத்தில் இரண்டு விரல் நுழைகிறது. உடனே ஆலோசகியைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. "அக்கா, எடை மெஷின் ஏறியிருக்குன்னு சொல்லுது, முகமூடி தொளதொளன்னு இருக்கு. நான் எதை நம்பட்டும்?" என்றுதான் கேட்டாள்.

அளவு தப்பினால் கதிர் கட்டியை விட்டு வேறெங்கோ விழுமாம். நாள் முழுக்க ஊராருக்கு அளவெடுக்கிற கழுதைக்கு இதை ஒருத்தி சொல்லித் தர வேண்டியிருக்கிறது. நேற்று சிகிச்சை நடக்கவில்லை. புது முகமூடி செய்யும்வரை நடக்காது. இப்படி விட்டுவிட்டுச் செய்தால் கட்டி பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை குழாய் போடுகிறார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். அதன் வழியாக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் விடப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். உன் அத்தான் இப்போதே வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறார். நீ ஒன்றும் தெரியாதவள், வாயாடி, சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாய். ஆனால் உனக்குக் கை நடுங்காது. நான் வேண்டாம் என்று தலையைத் திருப்பினாலும் விடமாட்டாய்.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நன்றாக இருங்கள். புதன்கிழமைக்குள் வந்துவிடு.

உன் அக்கா