உனக்குப் பின்னால் தொங்கும் கம்பளம்

ஐத் வக்ரிம்,
மார்ச் இரண்டாம் வியாழன்

அன்பு மகள் யாம்னாவுக்கு,

உன் தங்கை இஜ்ஜாவின் படிப்பை நிறுத்தியது நீதான். இதை முதலில் எழுதிவிட்டேன், ஸலாமும் சுகமும் எழுத ஆரம்பித்தால் அப்புறம் இதை எழுத எனக்கு மனம் வராது. இப்போது கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது, லியோனில் குளிர் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே நானும் அப்பாவும் இஜ்ஜாவும் இறைவன் காவலில் இருக்கிறோம். கணவாய்ப் பாதையின் இரு பக்கமும் பனி இன்னும் இடுப்பளவு கிடக்கிறது, கீழ் வயலில் பார்லி பச்சை பிடித்துவிட்டது. செம்பட்டை ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி ஏறும்போது மட்டும், இறங்கும்போது இல்லை என்கிறார், நமக்கோ எங்கே போனாலும் ஏற்றம்தான். போனில் பேசாமல் ஏன் மறுபடியும் கடிதம் என்று நினைப்பாய். சிக்னல் கிடைப்பது பள்ளிவாசலுக்கு மேலே உள்ள பாறையில்தான், அங்கே நின்று நான் ஒரு வார்த்தை பேசினால் ஊரே மறுவார்த்தை சொல்லும். பிள்ளைகளுக்கு விடுதியும் நடத்தி நம் கம்பளமும் வாங்குகிற உன் சங்கத்தின் மாலை வகுப்பில் பெண்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தார்களே, அது இதற்காவது உதவட்டும்.

நீ பேசிய வீடியோப் படம் ஜனவரிக் கடைசியில் ஊருக்கு வந்தது. வேன் ஓட்டும் பெனாஸர் சந்தையிலிருந்து திரும்பியதும் போனைத் தூக்கிப் பிடித்து, "அஸ்ஸூ மாமா, உங்க மக வந்திருக்கா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். அப்பா எண்ணெய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார், ஆண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். நீலத் துணி கழுத்தில் சுற்றி முடியைக் கத்தரித்துக்கொண்டு நீ பிரெஞ்சில் பேசுகிறாய், நம் ஊர் வாத்தியார் போனுக்குப் பக்கத்தில் நின்று வரிக்கு வரி நம் பேச்சில் சொல்கிறார். எங்கள் மலையில் ஆண்கள் பெண் பிள்ளைகளைப் படிக்க விடுவதில்லை என்றாய். என் அப்பா மறுத்தார், என் அம்மா அவரோடு சண்டை போட்டு என்னை விடுதிக்கு அனுப்பினாள் என்றாய். கடைசியில் சங்கத்தின் பெயரும் உதவி அனுப்ப வேண்டிய விலாசமும் வந்தன. அப்பா முழுவதையும் நின்று கேட்டார், "முடிஞ்சுதா" என்று கேட்டார், "நல்லா பேசுறா" என்று பெனாஸரிடம் சொன்னார், எண்ணெயோடு வீட்டுக்கு வந்தார். நம் பக்கத்து வீட்டு ஹம்மூ சும்மா இருப்பானா, "ஏம்பா அஸ்ஸூ, கோவேறு கழுதையில ஏத்திக்கிட்டுப் போய் விட்ட உன்னையே கழுதையாக்கிட்டாளே, நாளைக்கு எம்மக படிச்சிட்டு என்னை என்னவாக்குவா" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தானாம்.

அந்த வாரமே ஹம்மூ தன் பெண்ணை விடுதியிலிருந்து கூட்டிவந்தான், அவனைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டார். விடுதி பார்க்கும் லல்லா ஸஃபியா இந்தப் பனியில் மூச்சு வாங்க ஏறி வந்து வீடு வீடாகக் கெஞ்சினார். "நாங்கதான் படிக்க விடாத ஜனமாச்சே, ஊர் உலகத்துக்கே சொல்லியாச்சு, அப்படியே இருந்துட்டுப் போறோம்" என்று ஹம்மூ கதவைச் சாத்தினான். அதற்கு அடுத்த சனிக்கிழமை உன் அப்பா கோவேறு கழுதைக்குச் சேணம் கட்டினார், எங்கே என்று நான் கேட்கும்போதே பாதையில் இறங்கிவிட்டார். மறுநாள் சாயங்காலம் இஜ்ஜாவின் மெத்தையும் பெட்டியும் அதன் முதுகில் வந்தன, இஜ்ஜா பின்னால் நடந்து வந்தாள். "ஒருத்தியைப் படிக்க வெச்சேன், போதும்" என்றார், அவ்வளவுதான். ஜூனில் அவளுக்குப் பெரிய பரீட்சை. கணக்கில் வகுப்பிலேயே முதலாக வருகிறவள் இப்போது ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறாள்.

கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத அந்த அக்ரூட் காலம் கண் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உனக்குப் பன்னிரண்டு, எனக்கு முப்பது, சங்கத்தார் முதல்முதலாகப் பெரிய கம்பளம் கேட்டிருந்தார்கள். அத்தனை அகலத்தை ஒருத்தி தனியாக நெய்ய முடியாது, இடது பக்கம் நீ, வலது பக்கம் நான். இரண்டு பேரும் ஓரத்திலிருந்து முடிச்சுப் போட்டு நடுவில் வந்து சேர வேண்டும், முதலில் வருகிறவள் காத்திருக்க வேண்டும், நீதான் எப்போதும் முதலில் வருவாய், வந்து என் பக்கத்திலும் இரண்டு முடிச்சைத் திருட்டுத்தனமாகப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் போலச் சுவரைப் பார்ப்பாய். அக்ரூட் உரித்த கறையோடு வெள்ளைக் கம்பளியைத் தொட்டாய் என்று உன் கையில் அடித்தேன், அடித்த பிறகு அந்தக் கறுத்த விரல்களைச் சாம்பலும் எலுமிச்சையும் போட்டு நானே தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்க நீ சிரித்தாய். ஒரே கிளாஸ் தேநீரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். மூன்று வயது இஜ்ஜா நூல் உருண்டையைக் கட்டிலுக்கு அடியில் விரட்டிக்கொண்டிருப்பாள். இரும்புச் சீப்பால் வரிசையை அடித்து இறக்கும் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி ஹம்மூவை வைத்து ஒரு பாட்டுக் கட்டினாயே, ஹம்மூ ஏறினால் மலை இறங்கும் என்று, அதைக் கேட்டு அப்பா வாசலிலேயே நின்று சிரித்தார். என் வாழ்நாளில் அந்த இருபது நாளைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. அதனால்தான் அதைச் செய்தேனோ என்னவோ.

யாம்னா, இப்போது எங்காவது உட்கார்ந்துகொண்டு படி. உன் அப்பா மறுக்கவில்லை. கம்பளம் நாலு சாண் ஏறியிருந்தபோது லல்லா ஸஃபியா விடுதியில் சேர்க்கும் பிள்ளைகளின் பட்டியலோடு வந்தார். அப்பா களத்தில் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தார், நான் கூரை மேல் அக்ரூட் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், என் இரண்டு காதாலும் கேட்டேன். கையிலிருந்த கவைக்கோலைக்கூடக் கீழே வைக்காமல், "எழுதிக்கோங்கம்மா, யாம்னா, அஸ்ஸூ மக. நல்லா பெருசா எழுதுங்க" என்றார். நான் இறங்கி வந்தேன். தறியில் உட்கார்ந்திருந்த நீ முகத்தைத் திருப்பாமலே அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாய். வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றேன். கணவாய் பனியில் மூடுவதற்குள் கம்பளத்தை முடித்துத் தறியிலிருந்து இறக்க வேண்டும், நீ போனால் பாதித் தறி காலி. கம்பளி மூட்டை வந்த அதே வண்டியில்தான் பட்டியலும் வந்தது. ஒரு கையால் புத்தகம் நீட்டுகிறார்கள், மறு கையால் கம்பளம் கேட்கிறார்கள், இரண்டு கையும் ஒரே பெண்ணைத்தான் பிடித்து இழுக்கிறது என்று அந்த வண்டியில் வந்த ஒருவருக்காவது தோன்றியதா. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் பொய் சொல்லச் சொல்லி அவர்கள் யாரும் கேட்கவில்லை, அது என் வாயிலிருந்து வந்தது.

ஒன்பது நாள் அழுதுகொண்டே முடிச்சுப் போட்டாய். அப்பா வயலிலிருந்து வந்தால் தண்ணீர் கொடுக்காமல் எழுந்து போனாய். அந்த மனிதர் நீ ஊரை விட்டுப் போகப் பயப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டார். பத்தாம் நாள் மூட்டை ஏன் கட்டவில்லை என்று என்னைக் கேட்டார், அவள் போகமாட்டேன் என்கிறாள் என்றேன். ஆக உங்கள் இரண்டு பேர் வாயிலும் என் மறுப்பைத் திணித்தேன். அவர் நேராக உன்னிடம் வந்து, "பயப்படாதடி கண்ணு, அப்பா கூட வர்றேன், கெளம்பு" என்றார். நீ எழுந்து ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். அவரை அல்ல, என்னை. நான் சண்டை போட்டு ஜெயித்தேன் என்று நினைத்தாய். அவர் மூட்டை கட்டும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார், நான் உன் தலையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். உன்னை விட்டுவிட்டு மறுநாள் திரும்பி வந்தவர், கால் கழுவிக்கொண்டே சொன்னார், "வழி முழுக்க உன்னைத்தான் புகழ்ந்துகிட்டு வந்தா. எங்கிட்ட நீ சண்டை போட்டியாமே. நான் ஒண்ணும் சொல்லல. புது எடத்துக்குப் போற புள்ள, அம்மா நெனப்பு நல்லதா இருக்கட்டும்." பன்னிரண்டு வருஷத்தில் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதை எடுத்ததில்லை, திட்டும்போதுகூட.

படம் வந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. ஊற்றுக்குப் போனால் ஹனியா, "தள்ளுங்கடி, அஸ்ஸூவையே மடக்கின மகராசி வர்றா, மொதல்ல அவ குடம் நெறையட்டும்" என்று வழிவிட்டாள். நானும் முதலில் நிரப்பிக்கொண்டு வந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வாரம் அந்தப் புகழில் தண்ணீர் எடுத்தேன், இஜ்ஜாவின் மெத்தை வீட்டுக்கு வரும் வரைக்கும்.

படத்தில் உன் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு கம்பளம் தொங்குகிறது, அது நம்முடையதுதான். சங்கத்தின் லியோன் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. எழுந்து போய்க் கையால் தடவிப் பார். கீழிருந்து நாலு சாண் வரைக்கும் உன் பக்கம் ஒழுங்காக இருக்கும். அதற்கு மேல் இரண்டு சாண் முடிச்செல்லாம் இறுகி, இடது ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டு வளைந்திருக்கும். அந்த ஒன்பது நாள் அது. ஆறாவது சாணுக்கு மேல் தளர்ந்துபோன முடிச்செல்லாம் என்னுடையவை, தனியாக இங்கும் அங்கும் நகர்ந்து போட்டவை. பார்க்க வருகிறவர்களுக்கு அந்த வளைவைப் பற்றி நீ என்ன கதை சொல்கிறாயோ தெரியாது.

இஜ்ஜாவைத் தழை ஒடிக்க விடுவானேன் என்று தறியில் உட்கார வைத்தேன், உன் இடத்தில். அவள் கை உன்னுடையதைவிட வேகம், எனக்கு அதைப் பார்த்தால் பயமாக இருந்தது. போன வாரம் கம்பளம் வாங்குகிற சங்கத்து ஆள் வந்தார். "ரெண்டு பேரா உக்காந்துட்டீங்க, இனி வேகமா முடியும், இன்னொண்ணும் போடலாமே" என்று சந்தோஷப்பட்டார். பள்ளிக்கூட நாளில் இந்தப் பெண் ஏன் வீட்டில் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது அவர் வேலை இல்லையாம், அதற்கு வேறு ஆள் இருக்கிறாராம். அவர் வண்டி வளைவு திரும்பியதும் கத்தியை எடுத்துப் பாவு நூலை அறுத்தேன், கம்பளம் இரண்டு சாண்கூட ஏறவில்லை. முடிந்த கம்பளத்தை இறக்கும்போது செய்கிற மாதிரியே தண்ணீர் தெளித்தேன், தறியை விட்டால் கம்பளத்துக்கு உயிர் போகிறதே, அதற்குச் சொல்லும் வார்த்தையையும் சொன்னேன். "அம்மா, இன்னும் முடியலியே" என்றாள் இஜ்ஜா. முடிந்துவிட்டது என்றேன்.

அன்றைக்கு மத்தியானம் அப்பாவிடம், ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் ரொட்டியைப் பிய்த்து வெண்ணெயில் தோய்த்துக்கொண்டே, "சொல்லேன். நம்பமாட்டாங்க" என்றார். போய்ச் சொன்னேன், பெண்களிடம் ஊற்றில், ஆண்களிடம் வேன் நிற்கும் இடத்தில். ஹனியா என்னைப் பாவமாகப் பார்த்தாள். ஹம்மூ, "புருஷன் மானத்துக்காக இவ்வளவு பேசுறியே அக்கா, எம் பொண்டாட்டிக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு" என்று சிரித்தான். நான் நேரில் நின்று சொல்வது பொய், போனில் வந்தது உண்மை. நம் ஆட்கள் அப்படி ஆகிவிட்டார்கள்.

அதனால் நீதான் சொல்ல வேண்டும். அதே கம்பளத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அதே வாயால், பிரெஞ்சிலும் நம் பேச்சிலும். அம்மா பொய் சொன்னாள் என்று சொல், என் பெயரையே சொல், ஹத்தா என்று. அப்பா சரி என்றார், பிள்ளை படிக்கப் போனாள், இவ்வளவுதான் என்று சொன்னால் அங்கே யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளமாட்டார்கள், சங்கத்துக்கும் அது ஒன்றுக்கும் உதவாது, எனக்கு அது தெரியாமல் இல்லை. அந்தக் கண்ணீருக்காக இங்கே நாலு பெண்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். வசந்த விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் வரைக்கும் விடுதியில் நாலு கட்டிலையும் காலியாக வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றும் லல்லா ஸஃபியா சொல்லியிருக்கிறார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், ஈரத்தோடு போடாதே. அக்ரூட் ஒரு பை, இஜ்ஜா உடைத்துச் சுத்தம் செய்தது. இறைவன் உன் பாதையில் வெளிச்சம் வைக்கட்டும், உன் கை நிறையட்டும், அப்பாவின் துஆ எப்போதும்போல் உன்னோடு இருக்கிறது, அவர் அதை நிறுத்தவில்லை. சுகம் மட்டும் விசாரித்துப் போன மாதம் அனுப்பிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை, சனிக்கிழமைதோறும் வேன் வளைவில் போய் நின்று திரும்புகிறேன், பெனாஸர் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறான். இந்தச் சனிக்கிழமையும் நிற்பேன்.

உன் அம்மா,
ஹத்தா

நீ இதையெல்லாம் தெரிந்துதான் அப்படிப் பேசினாயா, தெரியாமலா? கோவேறு கழுதையின் மேல் போன அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு தடவையாவது உன் அப்பா முகத்தைத் திரும்பிப் பார்த்தாயா? அதை மட்டும் எனக்கு எழுது.