மத்தியானத்துக்கு மேல் அப்பன் தொழில்

1953, ஆடி 6, செவ்வாய்

புழுதிக் காற்று. கரும்பலகையில் எழுதியது அடுத்த நிமிஷம் தெரியவில்லை. கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தும் பலனில்லை.

புதுத் திட்டம் வந்ததிலிருந்து ஒரே வாத்தியாருக்கு இரண்டு பள்ளிக்கூடம். காலையில் பாதிப் பிள்ளைகள், மத்தியானம் மீதி. படிப்பில்லாத நேரத்தில் அவரவர் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். சர்க்கார் உத்தரவு. குயவன் பிள்ளை சக்கரம் சுற்றட்டும், வாத்தியார் பிள்ளை பிரம்பு ஆட்டட்டும். எனக்குப் பிள்ளை இல்லை, தப்பித்தேன்.

சாயங்காலம் வெட்டியான் கன்னியப்பன் வந்தான். நாலாம் வகுப்பு எல்லம்மாவின் அப்பன். அவள் காலை வகுப்பு. வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"புள்ள மத்தியானமும் இங்கயே குந்திக்கினு இருக்கட்டும் சார். ஓரமா."

"முடியாதுப்பா. உத்தரவு. மத்தியானம் உன் கூடத்தான் இருக்கணும்."

"என் கூடன்னா? எனக்கு வேல சுடுகாட்டுல சார்."

"அதை என்கிட்டக் கேக்காதே. சர்க்காரைக் கேளு."

"செரி சார்" என்று போய்விட்டான். பல் வலியில் எரிந்து விழுந்துவிட்டேன்.

ஆடி 7, புதன்

கிரோசின் தீர்ந்துவிட்டது. வாங்க மறந்தேன். விடியலிலிருந்து பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போகிற வண்டிகள், வேப்பிலை, கூச்சல்.

டீக்கடையில் ஊர் மணியக்காரர். அண்ணன் படுத்த படுக்கை, கும்மிடிப்பூண்டி டாக்டர் கையை விரித்துவிட்டாராம். அந்த வருத்தத்திலும் பேச்சு நிற்கவில்லை.

"நல்ல சட்டம்யா. அல்லாரும் படிச்சிட்டா ஏரு எவன் புடிப்பான்? பொணத்த எவன் எரிப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். டீ அவர் உபயம்.

ஆடி 8, வியாழன்

எழுத்து கோணல்.

மணியக்காரரின் அண்ணன் விடிகாலையில் போய்விட்டார். மத்தியானம் எடுத்தார்கள். மத்தியான வகுப்புக்கு விடுமுறை விட்டு நானும் சுடுகாட்டுக்குப் போனேன். ஊரே அங்கே. ஆண்கள் மட்டும். பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம்.

அங்கே எல்லம்மா நிற்கிறாள்.

பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு. எருமுட்டையை ஒவ்வொன்றாக எடுத்து அப்பன் கையில் கொடுக்கிறாள். அவன் அடுக்குகிறான். சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது.

"டேய்! பொட்டப் புள்ளய ஏண்டா இங்க இட்டாந்த?" மணியக்காரர்.

"சர்க்காரு உத்தரவு சாமி. மத்தியானத்துக்கு மேல அப்பன் தொழில கத்துக்கணுமாம். வாத்தியாரு சொன்னாரு."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன்.

"ஊட்டுக்குத் தொரத்துடா அத."

"ஊட்டுக்கு அனுப்பினா சட்டத்த மீறினதா ஆயிடும் சாமி. பள்ளிக்கூடத்துல சேத்துக்கினா அனுப்பறேன்." தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். தரையில் உட்கார்ந்தான். "அதுவரிக்கும் இந்தக் கையி வேல செய்யாது."

மணியக்காரர் அறைந்தார். கன்னியப்பன் சாய்ந்து, மறுபடி நேராக உட்கார்ந்தான். இன்னொரு அறை. மறுபடி நேராக உட்கார்ந்தான். கை கூப்பியபடியே. வாயில் ரத்தம். எல்லம்மா கையில் ஒரு எருமுட்டை அப்படியே இருந்தது. அழவில்லை அவள். யாருமே வாய் திறக்கவில்லை. நானும்தான்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பிணம் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் மணியக்காரர் என்னைப் பார்த்துக் கத்தினார். "யோவ் வாத்தியாரே, இட்டுக்கினு போய்யா! பள்ளிக்கூடத்துல வச்சிக்கினு அழு!"

அவள் கையைப் பிடித்து நடந்தேன். பின்னால் கன்னியப்பன் எழுந்து வேலையைத் தொடங்கும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடப் பூட்டைத் திறந்தேன். அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா பாடம் சார்?" என்றாள்.

வகுத்தல் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்திக்கு மட்டும்.

ஆடி 9, வெள்ளி

இரவு மழை. கூரை ஒழுகி வரைபடம் நனைந்துவிட்டது.

மத்தியானம் எல்லம்மா வந்தாள். பின்னாலேயே காலை வகுப்பு முழுவதும். குயவர் வீட்டுப் பையன்கள், ஏரிக்கரைப் பிள்ளைகள். இடமில்லை, ஒருவர் மடியில் ஒருவர். சேரிப் பெண்கள் நாலைந்து பேர் நடவுக்குப் போகாமல் வாசலில் குந்திக்கொண்டார்கள். "நாங்க சும்மா குந்திக்கினுகீறோம் சார். நீ பாடத்த நடத்து."

போகச் சொல்ல வாய் வரவில்லை. உத்தரவை மீறுகிறேன் என்று தெரிகிறது. பயமாக இருக்கிறது. வேலை போனால் ஊரில் தங்கை கல்யாணம் நின்றுவிடும். இருந்தாலும் கண்ணை மூடினால் அந்த எருமுட்டைதான் தெரிகிறது.

கன்னியப்பன் வந்தார். கன்னம் வீங்கி இருந்தது. மறுபடி வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

ஆடி 13, செவ்வாய்

மணியக்காரர் என் மேல் மனுப் போட்டுவிட்டார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். மத்தியானம், பள்ளி நிரம்பி வழிகிற நேரம்.

நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தவில்லை. "உங்க கஷ்டம் புரியுது. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. மணி அடிச்சுக் காலை வகுப்பை அனுப்பிடுங்க. நான் எதுவும் எழுதல."

தண்டவாளத் துண்டுதான் எங்கள் மணி. சுத்தியலைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்பதை மறைக்கவில்லை.

அவர் முன்வரிசையில் இருந்த எல்லம்மாவைத் தட்டிக்கொடுத்தார். "அப்பாவுக்கு என்ன தொழில்மா?"

"பொணம் எரிக்கிறது சார்."

அவர் கொஞ்சம் தடுமாறினார். "எந்தத் தொழிலும் தாழ்வில்லேம்மா. அப்பா கூடப் போய்க் கத்துக்கலாமே?"

"கத்துக்கினேன் சார். அது ஒரே நாளுல வந்துடுச்சி. வகுத்தல்தான் இன்னும் வரல."

சுத்தியலைக் கீழே வைத்தேன். அவர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். நான் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, வகுத்தலை முதலிலிருந்து தொடங்கினேன்.